ஒரே எண்ணில் இரண்டு பேர்

சபீனாவுக்கு யாரும் புரோகிராம் எழுதச் சொல்லிக்கொடுக்கவில்லை. பூந்தமல்லியில் ஒரு சின்ன ரத்தப் பரிசோதனை நிலையத்தில் கம்ப்யூட்டர் முன்னால் உட்காரும் வேலை அவளுக்கு. பி.காம். இரண்டாம் வருஷத்தோடு நின்றுபோன படிப்பு, கார் சீட் கவர் தைக்கும் கணவன் யூசுப், மாமியார், மூன்றாவது படிக்கும் மகள் ஷிபா. இத்தனைக்கும் நடுவில், மதியச் சாப்பாட்டு நேரத்தில் நிலையத்துச் செல்போனில் வீடியோ பார்த்துப் பார்த்தே பைதான் என்ற கம்ப்யூட்டர் மொழியைக் கற்றுக்கொண்டாள்.

பட்ட பாடு கொஞ்சநஞ்சமல்ல. ஒரு வரி ஓர் இடைவெளி தள்ளி நின்றால்கூடத் திரை சிவப்பு எழுத்தில் திட்டும். பைதான் ஏற்கெனவே உள்வேலைக்கு வைத்திருக்கும் பெயரையே தன் கோப்புக்கும் சூட்டிவிட்டு, ஏன் ஓடவில்லை என்று மூன்று நாள் மண்டையை உடைத்துக்கொண்டாள். அந்தச் சிவப்பு எழுத்து வராவிட்டால் எல்லாம் சரி என்று நம்பத் தொடங்கியது அப்படித்தான். புதிதாக எழுதுகிற எல்லோரும் அப்படித்தான் நம்புகிறார்கள், பாவம்.

நிலையத்துக்குக் கம்பெனிகளில் மருத்துவ முகாம் நடத்துவதுதான் முக்கிய வரும்படி. முகாம் முடிந்தால் ஒவ்வொருவருக்கும் முடிவை மெசேஜில் அனுப்ப வேண்டும். முன்பெல்லாம் இரண்டு நாள் உட்கார்ந்து ஒவ்வொன்றாகத் தட்டுவாள். நசரத்பேட்டையில் ஒரு துணிக் கம்பெனி முகாமுக்குத்தான் முதன்முதலாகத் தான் எழுதிய ஸ்கிரிப்டை, அந்தச் சின்ன புரோகிராமை, ஓட்டினாள். ஒரு நிமிஷத்தில் வேலை முடிந்தது. மேலாளர் பக்தவத்சலம் நாற்காலியை இழுத்துப் போட்டுப் பார்த்தார். "இன்னாம்மா இது, மேஜிக் மாதிரி கீது" என்றார். அவள் முகம் சிவந்துபோனது.

சிவப்பு எழுத்து எதுவும் வரவில்லை. கடைசியில் திரையில் ஒரு வரி மட்டும் நின்றது: 193 மெசேஜ் அனுப்பப்பட்டது. முகாமுக்கு வந்தவர்கள் 212 பேர். சபீனா அதைக் கவனித்தாள், கவனிக்காமல் இல்லை. சிலர் போன் நம்பர் கொடுத்திருக்க மாட்டார்கள் என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டு கம்ப்யூட்டரை அணைத்துவிட்டாள். பாராட்டு வாங்கின கையோடு யாருக்குத்தான் கணக்குப் பார்க்கத் தோன்றும்?

மூன்று வாரம் கழித்து அடுத்த முகாம் வந்தது. இந்த முறை ஓட்டும் முன் சோதித்துப் பார்க்கலாமென்று, தன் பெயரையும் மாமியார் அஷ்ரஃபுன்னிசாவின் பெயரையும் போட்டு, ஆளுக்கொரு முடிவு எழுதி, இருவருக்கும் யூசுப்பின் எண்ணையே கொடுத்தாள். கேஸ், ரேஷன், பள்ளிக்கூடம் எல்லாவற்றுக்கும் அவர்கள் வீட்டில் கொடுப்பது அந்த ஒரே எண்தான். ஸ்கிரிப்ட் ஓடியது. யூசுப்பைப் போனில் கேட்டால், இரண்டு பேருக்கும் சேர்த்து ஒரு மெசேஜ்தான் வந்திருந்தது. மாமியாருடைய முடிவு மட்டும் இருந்தது. அவளுடையதைக் காணோம்.

எழுதிய வரிகளை மேலிருந்து மறுபடி படித்தாள். ஒவ்வொருவருடைய முடிவையும் அவரவர் போன் எண்ணின்கீழ் வைக்கும்படி அவள் எழுதியிருந்தாள். ஆளுக்கொரு எண் என்று வீடியோவில் சொன்னவருக்கு ஆளுக்கொரு போன் இருந்திருக்கும். இங்கே வீட்டுக்கு ஒன்று. அதே எண் இரண்டாவது தடவை வந்தால், முதலில் இருந்தவரின் முடிவைத் தூக்கிவிட்டு இவருடையதை அங்கே வைத்துவிடும். அதைப் பிழையென்று பைதான் சொல்லாது, சொன்னதைத்தானே அது செய்தது. வீட்டில் நாலு பேருக்கு ஒரு எண் கொடுக்கிறவளுக்கே இது தோன்றாமல் போனதை நினைத்தால் எனக்குக்கூட ஆத்திரம் வருகிறது.

பழைய பட்டியலைத் திறந்து அழிந்துபோன பத்தொன்பது பேரையும் தேடி எடுத்தாள். பதினெட்டுப் பேருக்கு ஒன்றுமில்லை. ஒருவர், கண்ணம்மா, வயது 46. ரத்தத்தில் பன்னிரண்டாவது இருக்க வேண்டிய ஹீமோகுளோபின் ஐந்துதான். உடனே மருத்துவமனைக்குப் போகவும் என்று போயிருக்க வேண்டிய செய்தி. அதே எண்ணில், அதே கம்பெனியில் வேலை செய்யும் மகள் கவிப்பிரியாவின் முடிவு போயிருந்தது: "உங்கள் பரிசோதனை முடிவு இயல்பாக உள்ளது." மெசேஜில் பெயர் போட்டால் அடுத்தவர் பார்த்துவிடுவாரே என்று சபீனாவே பெயரை எடுத்துவிட்டிருந்தாள்.

அந்த எண்ணுக்கு நாலு முறை போன் செய்தாள். யாரும் எடுக்கவில்லை. பக்தவத்சலத்திடம் போய் எல்லாவற்றையும் சொன்னாள்.

"இப்போ ஒரு மெசேஜ் தட்டி உடு, முடிஞ்சுது" என்றார் அவர். "நம்ம தப்புன்னு எங்கயும் சொல்லிகினு இருக்காதே. கம்பெனி கைய உட்டுப் பூடும்."

"நேர்ல போறேன் சார்."

"போனா வேல இருக்காது, பாத்துக்க."

பட்டியலில் இருந்த முகவரிக்கு ஷேர் ஆட்டோவில் போகும்போது அவளுக்கு அழுகை முட்டியது. வேலை போனால் ஷிபாவின் பள்ளிக்கு என்ன செய்வதென்ற பயமும் நிஜம்தான். அதைவிடப் பெரிய பயம், வீடு பூட்டியிருந்தால் என்ன செய்வது என்பது.

வீடு திறந்திருந்தது. கண்ணம்மா வாசலில் உட்கார்ந்து குடத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு மூச்சு வாங்கிக்கொண்டிருந்தாள். முகம் வெளுத்துப் போயிருந்தது. முகாமில் ரத்தம் எடுத்த இடத்தில் பார்த்த பெண் என்று சபீனாவை அடையாளம் கண்டு சிரித்தாள்.

"வாம்மா. இன்னா இவ்ளோ தூரம்? மெசேஜ் வந்துச்சும்மா, ஒண்ணுமில்லன்னு. அதான் தெம்பா டபுள் ஷிப்ட் பாத்துகினு கீறேன்."

சபீனா செருப்பைக்கூடக் கழற்றவில்லை. "அக்கா, அது உங்க ரிசல்ட் இல்லக்கா. உங்க பொண்ணோடது. உங்களுக்கு ரத்தம் ரொம்ப கம்மியா இருக்கு. அனுப்பினது நான்தான், தப்பு என்னுது. இப்பவே ஆஸ்பத்திரிக்குப் போலாம்."

கண்ணம்மா புரியாமல் பார்த்தாள். கோபம் வரும், திட்டு விழும் என்று சபீனா நின்றாள். உள்ளே இருந்து கவிப்பிரியா வந்தாள். எல்லாவற்றையும் கேட்டிருந்தாள். சபீனாவை அவள் ஏறெடுத்துக்கூடப் பார்க்கவில்லை. அம்மாவின் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள்.

"நேத்து மயக்கமா வருதுன்னியே" என்றாள். "ரிப்போர்ட்டே நல்லா கீது, வேலைக்குப் போவாம இருக்க நடிக்காதேன்னு சொன்னேனேம்மா."