சவுரி இல்லாத வால்

காங்கேயத்திலிருந்து லாரியில் வந்து, அந்தியூர்ச் சந்தையில் என் குதிரையை இறக்கியிருக்கிறேன். வால் முழுக்க ரோட்டுப் புழுதி. கழுவிவிட்டு, தேங்காயெண்ணெய் தொட்டு, சிக்கை விரலால் பிரிக்கிறேன். எடுத்ததும் சீப்பைப் போட்டால் முடி அறுந்துவிடும். ஐந்து வருடமாகத் தினமும் இப்படித்தான். இன்று வால் தரையைத் தொடுகிறது.

பக்கத்தில் குதிரை கட்டியிருக்கும் வியாபாரி வந்து நிற்கிறார்.

"ஏனுங்க, இதுல பாதி சவுரிங்களா?"

சுற்றி நிற்பவர்கள் சிரிக்கிறார்கள். வால் அடர்த்தியாகத் தெரிய ஒட்டுமுடி கட்டி விற்பவர்கள் இங்கே உண்டு. என்னையும் அவர்களோடு சேர்க்கிறார்.

"இழுத்துப் பாருங்க" என்கிறேன். "பின்னால வேண்டாம், பக்கவாட்டுல நில்லுங்க."

"உதைச்சுப்போடுமுங்களா?"

"சவுரின்னா உதைக்காதுங்க. அதுக்கு வலிக்காதில்லீங்க."

வாலைக் கையில் சுற்றி வெடுக்கென்று இழுக்கிறார். குதிரை காலை வீசுகிறது. அவர் துள்ளி விலகுகிறார். விரலில் ஒரு முடிகூட இல்லை. இப்போது அவரைப் பார்த்துச் சிரிக்கிறார்கள்.

"நெசமான வாலுதானுங்க" என்று எல்லாருக்கும் கேட்கச் சொல்கிறார்.

தன் குதிரையிடம் போய், இப்படியும் அப்படியும் பார்க்கிறார். பிறகு அதன் வாலிலிருந்து ஒரு கத்தை சவுரியை அவிழ்த்துப் பைக்குள் திணிக்கிறார்.

நான் சீப்பை எடுக்கிறேன்.