கோபத்தோடு சாப்பிட்டவள்

சுங்குவார்சத்திரத்தில், சாப்பிட முடியாமல் தவிக்கும் பெண்களுக்கான சிகிச்சை ஆய்வு ஒன்றில் நான் நர்ஸாக இருந்தேன். மதியம் அவர்களோடு உட்கார்ந்து, தட்டு காலியாகும்வரை பேச்சுக் கொடுப்பது என் வேலை.

அங்கே வந்தவர்களில் திருநெல்வேலிப் பக்கத்துப் பெண் ஒருத்தியை என்னால் மறக்க முடியவில்லை. எலும்பும் தோலுமாக இருந்தாள். அவள் வேலை பார்த்த கம்பெனியில் சூப்பர்வைசர் தினமும் எல்லோர் முன்னாலும் அவள் உடம்பைக் கேலி செய்திருக்கிறான். அவள் சோற்றைக் குறைத்து, பிறகு அடியோடு விட்டு, ஒருநாள் வேலையிடத்திலேயே மயங்கி விழுந்திருக்கிறாள்.

ஒவ்வொரு கவளத்தையும் முறைத்துப் பார்த்துவிட்டுத்தான் வாயில் போடுவாள்.

"இன்னாம்மா, சோத்து மேல அவ்ளோ கோவம்?" என்று கேட்டேன்.

"சோத்து மேல இல்லக்கா. அந்த சூப்பர்வைசர் மேல கம்பெனில புகார் குடுத்திருக்கேன். விசாரணையில அவன் மூஞ்சிக்கு நேரா நின்னு சொல்லணும். நிக்கதுக்குத் தெம்பு வேண்டாமா?"

கோபத்தை விட்டுவிடு என்றார் மருத்துவர். தலையாட்டிக்கொண்டே அடுத்த கவளத்தை எடுத்தாள். சில மாதங்களில் உடம்பு தேறியது. விசாரணைக்குப் போய் எல்லாவற்றையும் சொன்னாள். கம்பெனியோ அவனை ஒரகடத்து யூனிட்டுக்கு மாற்றியதோடு சரி.

இனி சாப்பிடவே மாட்டாளோ என்று பயந்தேன். மறுநாள் வந்து தட்டின் முன் உட்கார்ந்தாள்.

"அங்கயும் பொம்பளப் பிள்ளைய இருக்குல்லாக்கா. அவன விடமாட்டேன். இன்னும் கொஞ்சம் சோறு வைங்க."

அவள் குணமாகிவிட்டாளா என்று மருத்துவர் அன்று மாலை கேட்டார். தட்டு காலியாகிவிட்டது என்றேன். அவள் கேட்டதைவிட ஒரு கரண்டி கூடுதலாகவே வைத்தேன் என்பதை மட்டும் அவரிடம் சொல்லவில்லை.