சரி சார்

என் எதிர்வீட்டுப் பையன் பத்தொன்பது வயதில், செய்யாத செயின் பறிப்புக்குத் தண்டனை பெற்றான். பெரியவர்கள் எது கேட்டாலும் "சரி சார்" என்பான். நீதிபதியிடமும் அதையே சொன்னான், ஒப்புதலாகப் பதிவானது. பிறகு மேல்முறையீட்டில் விடுதலை.

இப்போது அது டிவி தொடர். தெருவைக்கூட மாற்றவில்லை. அதில் பையன் "நான்தான் அறுத்தேன்" என்று கதறுகிறான். அதைப் பார்த்துவிட்டு, நிஜப் பையன் வேலைசெய்த குரோம்பேட்டை ஜவுளிக்கடை முதலாளி அவனை நிறுத்திவிட்டார்.

சமாதானம் பேசத் தொடரின் கதாசிரியர் பெருங்களத்தூரில் எங்கள் தெருவுக்கே வந்தார். நானும் வாசலில் நின்றிருந்தேன்.

"கடைசி எபிசோடுல நிரபராதின்னு காட்டுறோம்க்கா."

"அதுவரைக்கும் சோறு நீ போடுவியா?" என்றார் பையனின் அம்மா. "கடைக்கு வா. எம்புள்ள அப்படிச் சொல்லவே இல்லன்னு மொதலாளிகிட்ட நீயே சொல்லு."

"ஷூட்டிங் இருக்குக்கா."

கதாசிரியரின் பைக் சாவியை உருவி இடுப்பில் செருகிக்கொண்டு, அம்மா என் பக்கம் திரும்பினார். "சார், சாட்சிக்கு நீங்களும் வாங்க."