மூணாம் நம்பர் அக்காவின் சிவப்பு அம்பு

என் பழைய காரின் பெட்ரோல் மூடியைத் திறந்தால் உள்பக்கம் ஒரு சிவப்பு அம்பு இருக்கும். சுண்டுவிரல் நகம் அளவு ஸ்டிக்கர், கீழே பார்த்து ஒட்டியது. போன மாதம் அந்தக் காரை விற்றபோது, வாங்க வந்தவர் அதை நகத்தால் சுரண்டப் பார்த்தார். "ஐயா, வேற என்ன வேணா பண்ணுங்க, அதுல மட்டும் கை வைக்காதீங்க!" என்று நான் போட்ட சத்தத்தில் மனிதர் கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டார். கார் விற்கிறவன் டயருக்காகச் சண்டை போடுவான், விலைக்காகச் சண்டை போடுவான். ஸ்டிக்கருக்காகச் சண்டை போட்டவன் இந்த வேலூர் பக்கத்திலேயே நான் ஒருத்தனாகத்தான் இருப்பேன்.

அதை ஒட்டியவரை நாங்கள் மூணாம் நம்பர் அக்கா என்றுதான் சொல்வோம். பள்ளிகொண்டா தாண்டி ஹைவேயில் ஒரு பெட்ரோல் பங்க்கில் அப்போது நான் மேனேஜர். மொத்தம் நாலு பம்ப், மூன்றாவதில் அவர் நிற்பார். அதற்கு முன் பதினோரு வருஷம் ஆம்பூர் பக்கம் ஒரு ஷூ கம்பெனியில் செக்கிங் பிரிவில் இருந்தவர். தைத்து முடித்து வரும் ஷூவைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, எங்கே தையல் விட்டிருக்கிறதோ, எங்கே தோலில் தழும்பு தெரிகிறதோ, அங்கே ஒரு சிவப்பு அம்பு ஒட்ட வேண்டும். அதுதான் வேலை. அம்பு ஒட்டிய ஷூ பெட்டிக்குள் போகாது. வீட்டுக்காரருக்குச் சர்க்கரை வியாதியில் ஒரு கால் போய்விட்டது. மதியம் வந்து ஊசி போட்டுச் சாப்பாடு கொடுக்க ஆள் இல்லை என்று கம்பெனி வேலையை விட்டுவிட்டு, வீட்டிலிருந்து நடந்து வரும் தூரத்தில் இருந்த எங்கள் பங்க்குக்கு வந்து சேர்ந்தார். இந்த வேலையும் போனால் அவருக்கு வேறு போக்கிடம் கிடையாது. அது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். கம்பெனியை விட்டு வரும்போது தோழிகள் விளையாட்டாகப் பையில் திணித்த அம்பு ஸ்டிக்கர் ரோல் ஒன்று அவரிடம் இருந்தது.

ஒரு நாள் ஓனர் வந்தார். பிரீமியம் பெட்ரோல் விற்காமல் டேங்க்கிலேயே கிடக்கிறது, மாதத்தின் கடைசி வாரக் கணக்கில் எந்தப் பம்பில் பிரீமியம் கம்மியோ அந்த ஆளை அனுப்பிவிடு என்றார். நான் தலையாட்டினேன். தலையாட்டியதோடு விட்டேனா? எல்லோரையும் நிற்க வைத்து ஒரு வித்தையும் சொல்லிக்கொடுத்தேன், இன்று நினைத்தாலும் கூசுகிறது. 'என்ன போடணும்?' என்று கேட்காதீர்கள், 'பிரீமியம்தானே சார்?' என்று கேளுங்கள், கேட்கும்போதே குழாயைக் கையில் எடுத்துவிடுங்கள் என்றேன். பாதிப் பேர் தங்களையறியாமல் தலையை ஆட்டிவிடுவார்கள். பின்சீட்டில் பெண்டாட்டி உட்கார்ந்திருக்கும்போது 'வேணாம்ப்பா, விலை கம்மியா இருக்கிறதே போடு' என்று எவன் வாய் திறப்பான்? வித்தை பலித்தது. மற்ற பம்புகளில் பிரீமியம் பிய்த்துக்கொண்டு போனது.

மூணாம் நம்பரில் மட்டும் வேறு கதை. அக்கா வண்டியை நிறுத்தச் சொல்லி, மூடியைத் திறந்து, எந்தப் பெட்ரோல் போட வேண்டும் என்று உள்ளே ஒட்டியிருக்கும் சின்ன எழுத்தைக் கண்ணைச் சுருக்கிப் படிப்பார். அதில் இல்லாவிட்டால் வண்டிப் புத்தகத்தைக் கேட்டு வாங்கிப் பார்ப்பார். மாதனூர் பக்கத்திலிருந்து வேலைக்குப் போகிறவர்கள் எல்லாம் சின்ன பைக், ஸ்கூட்டிதான். யாராவது ஆசைப்பட்டு, "அக்கா, வண்டி நல்லா இழுக்கும்ன்றாங்களே, பிரீமியம் போடுங்க" என்று வந்தால் தீர்ந்தது. "இன்னாத்துக்கு? உன் வண்டிக்கு சாதாவே ஜாஸ்தி. கழுதைக்கு எதுக்குப்பா குங்குமப்பூ? போ, மிச்சத்துல டீ குடி" என்பார். அதோடு விடமாட்டார். வேறு பங்க்கில் யாரும் ஏமாற்றக் கூடாது என்று மூடிப் பக்கத்தில் ஒரு சிவப்பு அம்பையும் ஒட்டி அனுப்புவார். அம்பு கீழே பார்த்தால் சாதா, மேலே பார்த்தால் பிரீமியம். மேலே பார்த்த அம்பு ஒன்றைக்கூட அதுவரை நான் கண்டதில்லை.

எனக்கு ரத்தம் கொதிக்காமல் என்ன செய்யும்? கூப்பிட்டுக் கத்தினேன். "உங்களை வச்சுக்கிட்டு ஓனருக்கு நான் பதில் சொல்ல முடியாதுக்கா. இன்னும் ஒரு வாரம்தான். கடைசியில நின்னீங்கன்னா நான் காப்பாத்த மாட்டேன்." அவர் மனசில் வீட்டுக்காரர் முகம் வந்திருக்கும் என்று எனக்குத் தெரியாமல் இல்லை. ஆனால் அவர் என்னை நேராகப் பார்த்துச் சொன்னார்: "பதினோரு வருஷம் கம்பெனியில இருந்தேன் சார். நொட்டை ஷூவை நல்ல ஷூன்னு ஒரு நாளும் பாஸ் பண்ணதில்ல. இங்க வந்து பண்ணுன்னா கை வரலை. அனுப்பறதுன்னா அனுப்பிடுங்க." சொல்லிவிட்டு மூணாம் நம்பருக்குப் போய் நின்றுகொண்டார். அந்த வாரம் ஒன்றாம் நம்பர்காரர் தங்கை கல்யாணத்துக்கு லீவில் போயிருந்ததால், அவர் இடத்தில் நானே நின்றேன். மேனேஜர் விற்கிற விற்பைப் பார்த்தாவது அக்காவுக்குப் புத்தி வரட்டும் என்று எண்ணம்.

அடுத்த நாள் காலை பெரிய வெளிநாட்டுக் கார் ஒன்று மூணாம் நம்பரில் வந்து நின்றது. ஓட்டி வந்தவர் மேல்விஷாரத்தில் தோல் ஷெட் வைத்து, ஷூ கம்பெனிகளுக்குத் தோல் அனுப்பும் பாய். ஆம்பூருக்குப் போகும்போதெல்லாம் எங்களிடம்தான் பெட்ரோல் போடுவார். "சாதா, ஃபுல் பண்ணும்மா. ரெண்டு மாசமா மேட்டுல ஏறினா டக்கு டக்குனு சத்தம். மெக்கானிக்குக்கும் தெரியலை. ஒரே பேஜார்" என்றார். அக்கா மூடியைத் திறந்து படித்தார். குழாயை எடுத்த இடத்திலேயே திரும்ப மாட்டினார். "பாய், இதுல ஆக்டேன் தொண்ணூத்தஞ்சு வேணும்னு போட்டிருக்கு. நம்ம சாதா தொண்ணூத்தொண்ணு. இந்த வண்டிக்கு பிரீமியம்தான் போடணும். சாதா போட மாட்டேன்" என்றார்.

பாய்க்குக் கோபம் வந்துவிட்டது. "அரே, யாருகிட்ட? பிரீமியம்ன்றது எல்லாம் சும்மா பேரும்மா. விக்கிறதுக்கு நீங்க பண்ற தந்திரம் எனக்குத் தெரியாதா?" என்று சத்தம் போட்டார். நான் ஓடினேன். ஓடிப் போய் என்ன சொன்னேன் தெரியுமா? "அக்கா, பாய் கேட்டதைப் போடுங்க, சாதாவே போடுங்க!" பெரிய இடத்து வாடிக்கை போய்விடுமே என்ற பயம். அக்கா இடுப்பில் கையை வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். "மாசம் பூரா பிரீமியம் போடு, பிரீமியம் போடுன்னு உசுர வாங்கினீங்க. இன்னைக்கு நான் போடறேன்றேன், நீங்க வேணாம்றீங்க. உங்களுக்கு இன்னாதான் சார் வேணும்?" பங்க்கே கொல்லென்று சிரித்தது. எனக்கு மூஞ்சியை எங்கே வைப்பதென்று தெரியவில்லை.

பின்னால் ஸ்கூட்டியில் காத்திருந்த ஷூ கம்பெனிப் பெண் ஒருவர் இறங்கி வந்தார். "பாய், அந்தக்கா சொன்னா கண்ணை மூடிக்கிட்டுப் போடுங்க. நான் ரெண்டு தடவ பிரீமியம் கேட்டும் திட்டி அனுப்பினவங்க. பாருங்க" என்று தன் வண்டி சீட்டைத் தூக்கி, மூடிப் பக்கத்தில் கீழே பார்த்து ஒட்டியிருந்த அம்பைக் காட்டினார். பாய் குனிந்து பார்த்தார். அவர் முகமே மாறிவிட்டது. "இது நம்ம செக்கிங் அம்பாச்சே! நீ செக்கிங்கில இருந்தியாம்மா?" என்றார். "பதினோரு வருஷம் பாய்." பாய் சிரித்துவிட்டார். "அப்புறம் நான் இன்னா பேசறது? செக்கிங்கில அம்பு ஒட்டிட்டா கம்பெனி முதலாளியே வந்தாலும் அதைப் பிரிக்க முடியாது. அம்பு ஒட்டி ரிட்டன் வந்த என் தோலு எவ்வளவுன்னு எனக்குத்தான் தெரியும். போடும்மா, உன் இஷ்டம்." அக்கா பிரீமியம் நிரப்பினார். ரோலிலிருந்து ஒரு ஸ்டிக்கரைப் பிய்த்து, முதன்முதலாக மேலே பார்த்து ஒட்டினார்.

இரண்டே நாளில் பாய் திரும்பி வந்தார். காரை நிறுத்தாமலேயே ஜன்னல் வழியாகக் கையை நீட்டி, "சத்தம் போச்சும்மா! வண்டி பட்டு மாதிரி போவுது!" என்று கத்தினார். அதோடு மேல்விஷாரத்தில் தன் தோஸ்துகளிடம் எல்லாம் சொல்லிவிட்டார் போல. மறுநாளிலிருந்து பெரிய பெரிய கார்கள் வரத் தொடங்கின. "அம்பு ஒட்டற அம்மா யாரு?" என்று கேட்டு நேராக மூணாம் நம்பருக்குப் போயின. அக்கா பாதியைச் சாதாவே போதும் என்று கீழ் அம்பு ஒட்டி அனுப்பினார், மீதிக்கு மேல் அம்பு. திட்டு வாங்கிக்கொண்டு சாதா போட்டுப் போனவர்களும் அடுத்த முறை அவரிடமே வந்து நின்றார்கள். ஒன்றாம் நம்பரில் நான் குழாயைப் பிடித்துக்கொண்டு, "பிரீமியம்தானே சார்?" என்று கேட்க ஆளில்லாமல் ஈ ஓட்டிக்கொண்டிருந்தேன்.

மாதக் கடைசி நாள் ஓனர் வந்து எல்லோர் முன்னாலும் கடைசி வாரப் பட்டியலை வாங்கிப் பார்த்தார். பிரீமியத்தில் முதலிடம் மூணாம் நம்பர். பையன்கள் விசில் அடித்தார்கள். அக்கா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டதை நான் பார்த்தேன். "கடைசி யாருய்யா? சொன்னபடி அனுப்பிடு" என்றார் ஓனர். பட்டியலின் கடைசி வரியில் இருந்தது ஒன்றாம் நம்பர். லீவில் போனவர் போகும்வரை நன்றாகத்தான் விற்றிருந்தார், அதன்பிறகு நின்ற மேனேஜர்தான் கவிழ்த்தது. அக்கா முன்னால் வந்து, "சாரை விட்டுடுங்க முதலாளி. ஒரு வாரம் என்கிட்ட விடுங்க, நான் கத்துக்குடுக்கறேன்" என்றார். ஓனர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அந்தச் சட்டம் அன்றோடு ஒழிந்தது. அன்று சாயங்காலமே என் காரின் மூடியைத் திறக்கச் சொல்லி, படித்துப் பார்த்து, அக்கா அந்தக் கீழ் அம்பை ஒட்டினார். அதுவரை நான் என் காருக்கு ஜம்பமாகப் பிரீமியம் போட்டுக்கொண்டிருந்தேன் என்பதை இங்கே ஒப்புக்கொள்ள வேண்டியிருக்கிறது.

இப்போது நான் அந்த வேலையில் இல்லை. மாதனூர் பக்கம் ஓனர் திறந்த இரண்டாவது பங்க்குக்கு மூணாம் நம்பர் அக்காதான் மேனேஜர். கண்ணாடி போட்ட அறை, பெரிய மேஜை, மேஜை மேல் புது அம்பு ரோல். பங்க்குக்குப் பின்னாலேயே வீடு கொடுத்திருக்கிறார்கள், வீட்டுக்காரர் நிழலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து வண்டிகளை எண்ணிக்கொண்டிருப்பார். போன வாரம் என் புதுக் காரை முதன்முதலாக அங்கே கொண்டுபோய் நிறுத்தினேன். மேனேஜர் அம்மாவே எழுந்து வெளியே வந்தார். அவர் பங்க், அவர் விற்பனை, நம்மால் ஆனது என்று நினைத்து, "புது வண்டிக்கா, பிரீமியமே ஃபுல்லா போடச் சொல்லுங்க" என்றேன், கொஞ்சம் பெருமையாகவே.

அவர் மூடியைத் திறந்தார். கண்ணைச் சுருக்கிப் படித்தார். பிறகு ரோலிலிருந்து ஒரு அம்பைப் பிய்த்து, கட்டைவிரலால் அழுத்தி, கீழே பார்த்து ஒட்டினார்.

"நீங்க இன்னும் திருந்தலையா சார்?" என்றார்.