ங்க போடத் தெரிந்த இயந்திரம்

இந்த நாட்டில் எதிரே வருகிற எல்லோரும் என் சௌக்கியத்தை விசாரிக்கிறார்கள். பதிலுக்கு ஒருவரும் நிற்பதில்லை. அமெரிக்கா வந்த புதிதில் எனக்கு இது விளங்கவே இல்லை. எங்கள் பல்கலைக்கழகத்தின் கம்ப்யூட்டர் கூடத்தில் என்னோடு வேலை பார்க்கும் வால்டர் தினமும் காலையில் "ஹவ் ஆர் யூ?" என்பார். நானும் நின்று, நேற்றிலிருந்து மூக்கடைப்பு, வெந்நீரில் மிளகு தட்டிப் போட்டுக் குடித்தேன், என்று ஆரம்பிப்பேன். நிமிர்ந்து பார்த்தால் மனிதர் வராந்தாவின் அந்தக் கோடியில் இருப்பார். மேட்டுப்பாளையம் ரோட்டில் ஒருவரிடம் 'சௌக்கியமுங்களா' என்று கேட்டுவிட்டு நீங்கள் இப்படி நடையைக் கட்டிப் பாருங்கள், மறுநாளே ஊரில் உங்களுக்குப் பட்டப்பெயர் வைத்துவிடுவார்கள். இங்கே என்னை விசாரித்துவிட்டுப் பதிலுக்குக் காத்திருந்தது ஒன்றே ஒன்றுதான். அது மனிதர் இல்லை.

கம்ப்யூட்டரை ஊரில் யாரும் பார்த்திருக்க மாட்டீர்கள். கல்யாணக் கூடம் அளவு அறையில் பீரோ பீரோவாக நிற்கும். அதற்கு வேர்க்கக் கூடாது என்று அறையைக் குளிர வைத்து, எங்களை ஸ்வெட்டர் போட்டுக்கொள்ளச் சொல்வார்கள். அதிலிருந்து ஒரு கம்பியை இழுத்து டைப்ரைட்டர் ஒன்றில் பொருத்தியிருந்தார்கள். நாம் ஒரு வரி அடித்தால் அது ஒரு வரி அடிக்கும். அதற்கு ஒரு மண்ணும் புரியாது. நாம் சொன்னதையே திருப்பிப் போட்டுக் கேட்கும், அவ்வளவுதான். தலைவலி என்றால், எத்தனை நாளாகத் தலைவலி என்று கேட்கும். என் மூக்கடைப்புக்கு நிற்காத வால்டர், மதியச் சாப்பாட்டு நேரம் முழுக்க அதன் முன்னால் உட்கார்ந்து, பேச்சுவார்த்தை இல்லாத தன் அண்ணனைப் பற்றி அடித்துக்கொண்டிருப்பார். "அதற்கு ஒன்றும் புரியாதே, வால்டர்" என்றேன். "என் அண்ணனுக்கும்தான் புரியாது. இதுவாவது குறுக்கே பேசுவதில்லை" என்றார்.

ஒரு சனிக்கிழமை, வேறு வேலை இல்லாமல், அதற்கு நம் ஊர்த் தமிழைச் சொல்லிக் கொடுத்தேன். எழுத்து இங்கிலீஷ், பேச்சு கோயம்புத்தூர். ஒரு வாரமாவது ஆகும் என்று நினைத்தேன், சாயங்காலத்துக்குள் முடிந்துவிட்டது. 'அப்படீங்களா', 'இன்னுஞ் சொல்லுங்க', 'ஏனுங்க அப்படிச் சொல்றீங்க', ஒன்றும் பிடிபடாவிட்டால் 'அப்புறமுங்க'. யோசித்துப் பாருங்கள், இந்த நாலை வைத்துக்கொண்டு நம் ஊர் டீக்கடையில் அரை நாளை ஓட்டியவர்கள் எத்தனை பேர்! கூடவே இரண்டு விதியும் எழுதினேன்: இன்னார் இப்படிச் சொன்னார் என்றால், அது உங்களுக்கு எப்படி இருந்தது என்று கேள்; யாராவது ஒன்றைச் செய்கிறேன் என்றால், எப்போது செய்கிறீர்கள் என்று கேள். வீட்டுக்குக் கிளம்பும்போது பழக்க தோஷத்தில் 'வாரேனுங்க' என்று அடித்தேன். நமக்கு வாரேன் என்றால் போகிறேன் என்று அர்த்தம். அது என்ன கண்டது! 'எப்ப வாரீங்க?' என்று அடித்தது. எனக்கு முகம் சுட்டுவிட்டது. விசையை அணைத்துவிட்டு வெளியே வந்தேன்.

முகம் சுட்டதற்குக் காரணம் உண்டு. கல்யாணமாகி எட்டாவது மாதம் நான் கப்பலேறினேன். என் மனைவி சாந்தாமணி துடியலூரில் என் அப்பா அம்மாவோடு இருந்தாள். இரண்டு வருஷப் படிப்பு, முடித்ததும் ஓடி வந்துவிடுகிறேன் என்று சொல்லியிருந்தேன். நாலு வருஷம் ஆகிவிட்டது. படிப்பு முடிந்து, இங்கேயே வேலையும் கொடுத்துவிட்டார்கள். கோயம்புத்தூர் போனால் பழைய பம்ப்செட் கம்பெனியில் சேரலாம்; இங்கே இருந்தால் இந்த பீரோக்கள். எது வேண்டும் என்று எனக்கே தெரியவில்லை. சாந்தாமணியின் கடிதம் ஒவ்வொன்றும் 'எப்ப வாரீங்க?' என்றுதான் முடியும். நான் பனி பெய்கிறது, பனி நின்றது என்று நாலு வரி எழுதி ஒட்டிவிடுவேன். கடைசியில் இப்படி எழுதினாள்: "வர்ற தைக்குள்ள ஒரு முடிவு சொல்லலீன்னா அண்ணன் வந்து என்னை எங்கம்மா ஊட்டுக்கு, உடுமலைப்பேட்டைக்கே கூட்டிட்டுப் போயிர்றேங்குதுங்க. போனா மறுபடி வரமாட்டேன்."

அந்தக் கடிதத்தை வைத்துக்கொண்டு மூன்று நாள் தவித்தேன். நாலாம் நாள் செய்த காரியத்தைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. அவள் கடிதத்தை வரி வரியாக இயந்திரத்திடம் அடித்தேன். அது கேட்டதையெல்லாம் அப்படியே ஏரோகிராம் தாளில் பார்த்து எழுதி அனுப்பிவிட்டேன். 'அண்ணன் அப்படிச் சொன்னது உங்களுக்கு எப்படி இருந்துச்சுங்க? இன்னுஞ் சொல்லுங்க.' அவசரத்தில் ங்க போட்டதைக் கவனிக்கவில்லை.

துடியலூரில் பூகம்பமே வந்துவிட்டது. கட்டிய மனைவியை ங்க போட்டுப் பேசுகிற ஆண்பிள்ளை எங்கள் வம்சத்திலேயே கிடையாது. அப்பா அவளைக் கூப்பிட்டு, "ஏன் அம்மணி, கடுதாசியிலயே சண்டை போட்டுட்டீங்களா?" என்று கேட்டாராம். அம்மாவோ, "பொண்டாட்டிக்கு மருவாதி குடுத்து எழுதறானா? அங்க எவளையோ கட்டிப்போட்டான்!" என்று ஒரு வேளை சாப்பிடவில்லையாம். சாந்தாமணி மட்டும் எட்டுப் பக்கம் எழுதியிருந்தாள். "ஏனுங்க, எனக்கு எப்படி இருந்துச்சுன்னு இந்த ஊட்டுல ஒருத்தரும் கேட்டதில்லீங்க. கேட்டீங்க பாருங்க, அழுதுபோட்டேன்." அழைத்துப்போக வந்த அண்ணனைத் திருப்பி அனுப்பிவிட்டாளாம்.

நான் பிழைத்துக்கொண்டேன். அடுத்த ஆறு மாதம் அவள் எழுத, நான் அடிக்க, இயந்திரம் கேட்க, நான் அதைப் பார்த்து எழுதினேன். எனக்குத் தெரியாத சாந்தாமணி ஒருத்தி அந்தக் கடிதங்களில் இருந்தாள். டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்டில் சேர்ந்திருந்தாள். மில் சங்கு ஊதும்போதெல்லாம் காரணமில்லாமல் பயமாக இருக்கும் என்றாள். கல்யாணத்தன்று என் காதுமடலைப் பார்த்து அவளுக்குச் சிரிப்பு வந்ததாம். எட்டு மாதம் பக்கத்தில் இருந்தபோது இதில் ஒன்றைக்கூட நான் கேட்டதில்லை. எனக்கும் அந்தப் பேச்சு தொற்றிக்கொண்டது. ஒரு நாள் வால்டர் "ஹவ் ஆர் யூ?" என்றபோது, "நீங்கள் எப்படி? இன்னும் சொல்லுங்கள்" என்றேன். மனிதர் நின்றார். முக்கால் மணி நேரம் நின்றார். அண்ணனுக்குக் கடிதம் போட்டுவிட்டாராம். உன்னிடம் பேசினால் மெஷினிடம் பேசுகிற மாதிரியே இருக்கிறது என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். அது பாராட்டுதான் என்று பிறகு விளங்கிற்று.

பிறகு அந்தக் கடிதம் வந்தது. "ஏனுங்க, ஒண்ணு கேக்கறேன், கோவிச்சுக்காதீங்க. இதையெல்லாம் எழுதறது ஆருங்க? போன மூணு கடுதாசியிலயும் ஒரே வரி, ஒரே எடத்துல வருது. நீங்க இப்படிக் கேக்கற ஆளே இல்லீங்க."

இனி ஒளிக்க முடியாது. முதல் தடவையாக என் சொந்தப் புத்தியில் நாலு பக்கம் எழுதினேன். இப்படி ஒரு இயந்திரம் இருக்கிறது, உன் கேள்விக்குப் பதில் தெரியாமல் அதன் பின்னால் ஒளிந்துகொண்டேன், என்னை மன்னித்துவிடு என்று. ஒரு மாதம் பதில் இல்லை. அண்ணனோடு உடுமலைப்பேட்டைக்குப் போய்விட்டாள் என்றே முடிவு கட்டினேன். அவள் போய்விட்டால் நான் இங்கே இருந்தும் ஒன்றுதான், அங்கே போயும் ஒன்றுதான் என்பது அந்த மாதத்தில்தான் எனக்கு உறைத்தது.

வந்த உறைக்குள் இரண்டு கடிதங்கள் இருந்தன. எனக்கு ஒரு வரி: "மிசினா இருந்தா என்னங்க, அவங்க நல்லாக் கேக்கறாங்க. அவங்களே எழுதட்டும், நீங்க நடுவுல வராதீங்க." மற்றது இயந்திரத்துக்கு, இங்கிலீஷ் எழுத்தில் நறுக்கென்று டைப் அடித்து, சௌக்கிய விசாரணையோடு தொடங்கியது. என் இருபத்தொன்பதாம் வயதில் ஒரு பீரோவின் மேல் எனக்குப் பொறாமை வந்தது. ஆனாலும் நாணயமாக முழுவதையும் அடித்தேன். கடைசி வரி: 'அவரு மனசுல என்னங்க இருக்குது? உங்களுக்காச்சும் தெரியுங்களா?' இயந்திரம் கொஞ்சம் உறுமிவிட்டு, 'அப்புறமுங்க?' என்றது. மற்ற நாளாக இருந்தால் அதையே பார்த்து எழுதியிருப்பேன். அன்று முடியவில்லை. அந்தத் தாளின் கீழே என் கையால் எழுதினேன்: 'அதுக்குத் தெரியாது சாந்தா. எனக்கும் முழுசாத் தெரியாது. நீ இல்லாமல் முடியாது என்பது மட்டும் தெரியும். வா என்று கூப்பிட எனக்கு வாயில்லை.'

"வாரேனுங்க" என்று பதில் வந்தது. "அவங்களையும் ஒருக்காப் பாத்துப்போடலாம்."

போன மாதம் வந்து சேர்ந்தாள். கயிறு கட்டிய டிரங்குப் பெட்டியைப் பிரிக்கவில்லை. 'எப்படியும் ஊருக்குப் போறதுதானுங்களே' என்று கட்டிலுக்கடியில் தள்ளிவிட்டாள். மூன்றாம் நாள் கூடத்துக்குக் கூட்டிப்போனேன். வால்டர் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு "ஹவ் ஆர் யூ?" என்றார். சாந்தாமணி நின்று, விமானத்தில் காது அடைத்ததிலிருந்து தமிழிலேயே விவரமாகச் சொன்னாள். வால்டர் கடைசிவரை நின்று கேட்டார்.

நாற்காலியில் உட்கார்ந்து, முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, பத்து விரலாலும் அடித்தாள். 'வந்துட்டேனுங்க.'

எனக்குச் சுருக்கென்றது. வருகிறேன் என்பவருக்கு விதி எழுதியிருந்தேன். வந்துவிட்டேன் என்பவருக்கு எழுதவில்லை. நாலு வருஷத்தில் அப்படி ஒரு வரி எனக்குத் தேவைப்படவே இல்லை. இங்கே இருந்துகொண்டு ஊருக்கு வாரேன், வாரேன் என்றேனே தவிர, இந்த ஊருக்கும் நான் வந்து சேர்ந்திருக்கவில்லை.

'அப்புறமுங்க?' என்று அடித்தது இயந்திரம்.

சாந்தாமணி அந்த வரியைப் பார்த்தாள். பிறகு நாற்காலியைத் திருப்பி என்னைப் பார்த்தாள்.

"கேக்கறாங்கல்லங்க," என்றாள். "நீங்க சொல்லுங்க."