எந்தக் கையை முதலில் விடுவது

எங்கள் வீட்டில் சட்டை போடுவதற்கு ஒரு சட்டம் இருந்தது. வலது கையைத்தான் முதலில் விட வேண்டும். புதுத்துணியானாலும் கந்தலானாலும், தீபாவளியானாலும் சாதாரண திங்கட்கிழமையானாலும், அதில் சலுகை கிடையாது. இடது கையை முதலில் விடுவது சாவு வீட்டு வழக்கம் என்றும், அப்படிப் போட்டால் போடுகிற பிள்ளையைப் பெற்றவளுக்கு ஆகாது என்றும் அம்மா சொல்லுவாள். இதை அவளுக்கு யார் சொன்னார்கள் என்று நாங்கள் கேட்டதில்லை. கேட்டால் அதற்கும் ஒரு அடி விழும்.

இரண்டு கையும் ஒழுங்காக இருக்கிறவர்களுக்கு இதனால் ஒரு நஷ்டமும் இல்லை. எனக்குத்தான் வந்தது வினை. ஆறு வயதில் வைக்கோல் வண்டியிலிருந்து விழுந்து இடது முழங்கையை உடைத்துக்கொண்டேன். கட்டுப் போட்டவர் நல்ல கெட்டியாகவே போட்டார். மாதக்கணக்கில் வைத்திருந்து அவிழ்த்தபோது, கட்டுக்குள் எப்படி இருந்ததோ அப்படியே கை மடங்கி நின்றுவிட்டது. நீட்ட வராது, மேலே தூக்க வராது, முதுகுப் பக்கம் கொண்டுபோக வரவே வராது. விரல்கள் மட்டும் எப்போதும்போல் வேலை செய்தன. அன்றிலிருந்து அம்மாதான் எனக்குச் சட்டை போட்டுவிட்டாள். சட்டப்படி வலது கையை விட்டுவிட்டு, மடங்கின இடது கையை எப்படியோ வளைத்து நெருக்கி உள்ளே திணிப்பாள். உயிர் போகிற மாதிரி வலிக்கும். சொன்னால் அவள் முகம் வாடிப்போகும் என்பதால் பல்லைக் கடித்துக்கொண்டு நிற்பேன்.

உலகச் சண்டை நடந்துகொண்டிருந்த காலம். எங்கள் திருவாதவூரில் இருந்த சின்னப் பள்ளிக்கூடத்தில் படிக்க வேண்டியதை நான் படித்து முடித்துவிட்டேன். என்னைவிட மூன்று வயது மூத்த அக்கா மதுரையில் ஒரு பெண்கள் பள்ளிக்கூடத்து விடுதியில் தங்கிப் படித்துக்கொண்டிருந்தாள். என்னையும் அங்கே சேர்த்துவிட வேண்டும் என்பது அய்யாவின் ஆசை. "இந்தக் கையை வச்சுக்கிட்டு நாத்து நட முடியுமா, களை எடுக்க முடியுமா? நாலெழுத்து படிச்சாத்தான் நாளைக்கு யாரு கையையும் எதிர்பாக்காம இருப்பா" என்று அவர் அம்மாவிடம் சொன்னதைக் கேட்டிருக்கிறேன். என் காதுபடச் சொல்கிறோமே என்று அவர் யோசிக்கவில்லை. எனக்கும் அது உறைக்கவில்லை. விடுதியில் ஞாயிற்றுக்கிழமை இனிப்பு போடுவார்கள் என்று அக்கா சொல்லியிருந்தாள். அதற்காகவே நான் போகத் தயாராக இருந்தேன்.

விடுதியைக் கவனித்துக்கொண்ட டீச்சரம்மா ஒரே ஒரு கேள்விதான் கேட்டாராம். உன் தங்கை தானாக உடுத்திக்கொள்வாளா, இத்தனை பிள்ளைகளுக்கு நடுவில் ஒருத்திக்கு மட்டும் சட்டை போட்டுவிட இங்கே ஆள் கிடையாதே என்று. அக்கா கொஞ்சமும் யோசிக்காமல், அதெல்லாம் அவளே போட்டுக்கொள்வாள் என்று அடித்துவிட்டிருக்கிறாள். அப்படியானால் பள்ளி திறக்கும்போது கூட்டி வா, என் கண்ணால் பார்த்துவிட்டுச் சேர்த்துக்கொள்கிறேன் என்று டீச்சரம்மா சொல்லிவிட்டார். பொய் சொன்னது தெரிந்தால் தன்னையும் சேர்த்து அனுப்பிவிடுவார்கள் என்ற பயத்தோடு அக்கா கோடை விடுமுறைக்கு ஊர் வந்து சேர்ந்தாள். வந்ததும் வராததுமாக என்னை உள்ளறைக்குள் இழுத்துப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

அந்த விடுமுறை முழுவதும் அந்த அறைக்குள்தான் கழிந்தது. பாவாடை சீக்கிரமே படிந்துவிட்டது. நாடாவின் ஒரு முனையைப் பல்லால் கவ்விக்கொண்டு, மறு முனையை வலது கையால் சுற்றி, நெஞ்சுக்கு நேராக முடிச்சுப் போட்டு அப்படியே இடுப்புக்கு இறக்கிவிட வேண்டும். அக்காவே கண்டுபிடித்த வழி அது. முதலில் பல் கூசியது, பிறகு பழகிவிட்டது. பொத்தானும் பிரச்சினை இல்லை. மடங்கின கை எப்போதும் நெஞ்சுப் பக்கமே கிடந்ததால் அதற்கு அந்த வேலை லேசாக வந்தது.

சட்டைக் கைதான் வழிக்கு வரவில்லை. துணி தட்டுப்பாடான காலம். தையல்காரர் மிச்சம் பிடிக்கிறேன் என்று கையை ஒட்டத் தைத்திருந்தார். வலது கையை விட்ட பிறகு இடது பக்கத்துச் சட்டை முதுகுக்குப் பின்னால் போய்த் தொங்கும். அதை எட்டிப் பிடிக்க என் கை போனால்தானே!

"பின்னாடி கொண்டாடி. இன்னும் கொஞ்சம். எம்புட்டு நாளாச் சொல்லித் தாரேன்!"

"வரலைக்கா."

"வேணும்னே செய்யுற நீ."

என் கையைப் பிடித்து வெடுக்கென்று பின்னால் இழுப்பாள். நான் அலறுவேன். நான் அலறியதும் அவள் அழ ஆரம்பித்துவிடுவாள். வெளியே அம்மா, "என்னங்கடி அங்கே?" என்று கேட்டால் இரண்டு பேரும் ஒரே குரலில் ஒன்றுமில்லை என்போம். பள்ளி திறக்கிற நாள் நெருங்க நெருங்க அக்காவுக்குச் சோறு இறங்கவில்லை.

ஒருநாள் அவள் தண்ணீர் எடுக்கக் கிணற்றுக்குப் போயிருந்தாள். நான் சட்டையை மடியில் போட்டுக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தேன். சட்டையின் இடது கை என் இடது கைக்கு நேராகக் கிடந்தது. என்ன நினைத்தேனோ, மடங்கின கையை அதற்குள் விட்டு, வலது கையால் தோள்வரை இழுத்துவிட்டேன். வழுக்கிக்கொண்டு ஏறியது. மிச்சச் சட்டையை முதுகைச் சுற்றிக் கொண்டுவந்து வலது கையை விட்டேன். அதுவும் போய்விட்டது. வலியே இல்லை. எழுந்து நின்று குதித்தேன்.

அப்புறம்தான் நான் செய்த காரியம் உறைத்தது. அவசர அவசரமாகக் கழற்றி எறிந்தேன். யாரும் பார்க்கவில்லை. ஆனால் மறுநாள் மத்தியானம் வயலிலிருந்து திரும்பிய அம்மா, கை கால் உதற உதற வந்து படுத்துவிட்டாள். கம்பளி மேல் கம்பளியாகப் போர்த்தியும் நடுக்கம் நிற்கவில்லை. அந்த வருஷம் ஊரில் பாதிப் பேருக்கு அதே காய்ச்சல்தான். மற்றவர்களுக்கு எதனால் வந்ததோ எனக்குத் தெரியாது, அம்மாவுக்கு எதனால் வந்தது என்று எனக்குத் தெரியும். இனி ஜென்மத்துக்கும் அப்படிப் போடமாட்டேன் என்று ஊர்ச் சாமியிடம் அழுது சத்தியம் செய்தேன். அம்மா பிழைத்து எழுந்தாள். இதை நான் அக்காவிடம்கூட மூச்சு விடவில்லை.

அய்யாவுக்கு வயலில் வேலை இருந்ததால் அம்மாதான் எங்களைக் கூட்டிக்கொண்டு போனாள். பெட்ரோல் கிடைக்காமல் கரியில் ஓடிய பஸ். மேடு வந்தால் திணறி நின்றுவிடும், எல்லோரும் இறங்கித் தள்ள வேண்டும். ஒவ்வொரு தடவை நிற்கும்போதும் இப்படியே நின்றுவிடாதா என்று வேண்டிக்கொண்டேன். அக்கா வழி நெடுக என் காதில், "வலது கை, அப்புறம் முதுகை வளைச்சுக்க, உதறி விடு" என்று ஓதிக்கொண்டே வந்தாள்.

விடுதியில் டீச்சரம்மா என்னை மட்டும் அறைக்குள் வரச் சொன்னார். அம்மாவும் அக்காவும் வாசல்படிக்கு வெளியே நிற்க வேண்டும், உதவக் கூடாது. போட்டிருந்ததைக் கழற்றிவிட்டு, ஒரு துண்டைச் சுற்றிக்கொண்டு நின்றேன். என் மாற்றுத்துணியை நாற்காலியில் வைத்துவிட்டு, "அவசரமில்லை, நிதானமாகப் போட்டுக்கொள்" என்று மூக்குக்கண்ணாடி வழியாகப் பார்த்தார். நல்லவர்தான்.

பாவாடையைக் கட்டி முடித்தேன். பல்லால் நாடாவைக் கவ்வியதைப் பார்த்து அவர் லேசாகச் சிரித்தார். அடுத்தது சட்டை. வலது கையை விட்டேன். மிச்சச் சட்டை பின்னால் போய்த் தொங்கியது. முதுகை வளைத்தேன், உதறினேன், தன் வாலைப் பிடிக்கப் போகிற நாய்க்குட்டிபோல் நின்ற இடத்திலேயே சுற்றினேன். சட்டை என்னோடு சேர்ந்து சுற்றியது. வாசலில் அக்கா தாவணி முனையை வாயில் திணித்துக்கொண்டிருந்தாள்.

"வேறு மாதிரி போட்டுப் பார்த்திருக்கிறாயா?" என்றார் டீச்சரம்மா.

வேறு மாதிரி எனக்குத் தெரியும். கண்ணை மூடித் திறப்பதற்குள் போட்டுவிடுவேன். போட்டால் பள்ளிக்கூடம் கிடைக்கும், அம்மா செத்துப்போவாள். வாசலைப் பார்த்தேன். காய்ச்சலில் கன்னம் ஒட்டிப்போய், நல்ல சேலையைக் கட்டிக்கொண்டு, அம்மா நின்றிருந்தாள். எனக்குப் பள்ளிக்கூடமும் வேண்டாம், இனிப்பும் வேண்டாம் என்று ஆகிவிட்டது. சட்டையை உருவிக் கீழே போட்டேன்.

"எனக்கு வராது டீச்சர்."

டீச்சரம்மா பெருமூச்சு விட்டு அம்மா பக்கம் திரும்பினார். "அடுத்த வருஷம் பார்க்கலாம் அம்மா. அதற்குள் பழக்குங்கள்." அடுத்த வருஷம் என்றால் என்ன அர்த்தம் என்று அங்கே இருந்த எல்லோருக்கும் தெரியும். அக்கா வாய்விட்டு அழுதாள்.

அம்மா நகரவில்லை. ஒரு கையால் வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு, சோறு சாப்பிடக் கூப்பிடுகிற அதே குரலில் சொன்னாள்:

"இடது கையை மொதல்ல விடு, தாயி."

அக்காவின் அழுகை சட்டென்று நின்றது. "அம்மா!" என்றாள்.

"நீ சும்மா இரு. அந்தச் சட்டையை எடு தாயி. இடதை மொதல்ல விடு."

"உனக்கு ஆகாதும்மா..."

"எனக்கென்ன, குத்துக்கல்லாட்டம் நிக்கிறேன். விடுன்னு சொல்றேன்ல?"

எடுத்தேன். நாற்காலியில் உட்கார்ந்து மடியில் விரித்துக்கொண்டேன். சட்டை அன்றைக்குப் போலவே வழுக்கிக்கொண்டு ஏறியது. பொத்தான்களைப் போட்டு நிமிர்ந்தேன். டீச்சரம்மா அசந்துபோய், எங்கே, இன்னொரு தடவை போடு பார்க்கலாம் என்றார். கழற்றி இன்னொரு தடவையும் போட்டேன். அம்மா கண்ணை எடுக்காமல் பார்த்துக்கொண்டே நின்றாள். நிலையைப் பிடித்திருந்த கையை மட்டும் அவள் விடவில்லை.

இடம் கிடைத்துவிட்டது. வலது கைச் சட்டம் ஒழிந்துவிட்டது என்று நான் முடிவு செய்துகொண்டேன். மதுரைக்கு அது செல்லாது போலிருக்கிறது, அல்லது அம்மாவுக்கே அதெல்லாம் சும்மா என்று தெரிந்துவிட்டது. இல்லாவிட்டால் அவளே சொல்லுவாளா? விடுதியில் முதல் சில நாட்கள் சட்டை போடும்போதெல்லாம் நெஞ்சு அடித்துக்கொண்டது. ஊரிலிருந்து கெட்ட சேதி எதுவும் வரவில்லை. பிறகு இனிப்புத் தின்பதில் எல்லாம் மறந்துபோனது.

தைப்பொங்கலுக்கு ஊருக்கு வந்தோம். ஆளுக்கொரு புதுச்சட்டை எடுத்திருந்தார்கள். அக்காவும் என்னைப் போலவே சட்டம் ஒழிந்ததாக நினைத்திருக்க வேண்டும். அம்மா பார்க்கும்படியாக, சிரித்துக்கொண்டே, இடது கையை முதலில் விட்டாள். பளாரென்று ஒரு அறை. அம்மா அப்படி அடித்து நாங்கள் பார்த்ததே இல்லை.

"என்னைப் பாடையில ஏத்தப் பாக்குறியாடி?"

அவள் உதடு வெளுத்துப்போயிருந்தது. சட்டையைப் பிடுங்கி, உதறி, வலது கையிலிருந்து மறுபடியும் போட வைத்தாள். பிறகு என் சட்டையை எடுத்து ஓரத்தில் மஞ்சள் தடவினாள். இனி நானே போட்டுக்கொள்வேன் என்று தெரிந்திருந்தும், நல்ல நாளாயிற்றே என்றோ என்னவோ, தானே விரித்துப் பிடித்துக்கொண்டு என் முன்னால் குனிந்தாள். அவள் எனக்கு நேராக நீட்டியது இடது கைப் பக்கத்தை.

"வா தாயி, இதை மொதல்ல விடு."

"அவளுக்கு மட்டும் என்னவாம்?" என்று அக்கா கன்னத்தைப் பிடித்துக்கொண்டு கேட்டாள். அம்மா சட்டையை இன்னும் கொஞ்சம் என் பக்கம் நீட்டினாள்.

என்மேல்தான் அம்மாவுக்கு ஆசை அதிகம், அதனால்தான் எனக்கு இந்தச் சலுகை என்று நினைத்தேன். அக்காவைப் பார்த்து நாக்கைத் துருத்திக் காட்டிவிட்டு, கையை உள்ளே விட்டேன்.