அண்ணன் தேறிய சோதனைகள்

அண்ணனின் டாம் ஆட்டப் பலகை இப்போது எங்கள் முன்கூடத்தில், தொலைக்காட்சிக்குப் பக்கத்துச் சுவரில் சாய்த்து வைக்கப்பட்டிருக்கிறது. பழைய பிளைவுட் துண்டு. அதில் கறுப்புச் சாயத்தால் கட்டம் போட்டவர் அவர்தான். காய்கள் எல்லாம் போத்தல் மூடிகள். ஒருவருடைய மூடிகள் முகம் மேலே தெரிய இருக்கும், எதிராளியுடையவை குழி மேலே தெரிய மல்லாந்திருக்கும். முன்பெல்லாம் இந்த வேறுபாடு கண்ணுக்காக. இப்போது அண்ணனின் விரலுக்காக.

நான் இடைநிலைப் பள்ளியில் படித்தபோது பள்ளிப் பேருந்து என்னைச் செம்பனை ஆலையின் வாசலில் இறக்கிவிடும். ஜெராம் பக்கத்துத் தோட்டங்களிலிருந்து குலை ஏற்றி வரும் லோரிகள் எடை போட அங்கே வரிசையில் நிற்கும். வரிசை நகர வெகுநேரம் ஆகும். அதுவரை ஓட்டுநர்கள் சாலையோர ஒட்டுக்கடையில் டாம் ஆடுவார்கள். அவர்களில் ஒருவரான அண்ணன் ஆட்டத்தை முடித்து வரும்வரை நான் ஒரு கோப்பை மைலோவோடு காத்திருப்பேன். அந்த ஆட்டத்தில் ஒரு விதி உண்டு. எதிராளியின் காயை வெட்ட வழி இருந்தால் வெட்டியே ஆக வேண்டும். விட்டால் உன் காய் பறிபோகும். அண்ணனின் ஆட்டம் முழுவதும் இந்த விதியின் மேல்தான் நின்றது.

"வெட்டுடா, வாய்ல வச்சு ஊட்டுறான்ல?" என்பார் சுற்றி நிற்பவரில் ஒருவர்.

"வேணாம்லா. இவன் சும்மா குடுக்கிற ஆளா? பின்னால என்னமோ வச்சிருக்கான்" என்று ஆடுகிறவர் தலையைச் சொறிவார்.

அண்ணன் தேநீரை உறிஞ்சிக்கொண்டே, "சும்மாதான் குடுக்கறேன் மச்சான். காலையிலேர்ந்து பட்டினியா இருப்பீங்க" என்பார்.

வேறு வழியில்லாமல் அவர் வெட்டுவார். அடுத்த நொடி அண்ணனின் காய் தாவித் தாவி மூன்றை எடுத்துக்கொண்டு போய் நிற்கும். கூட்டம் கத்தும். அண்ணன் சிரிக்க மாட்டார். வரிசையில் தன் லோரி நகர வேண்டுமா என்று மட்டும் திரும்பிப் பார்ப்பார்.

எங்கள் குடும்பத்தில் பள்ளியை முழுதாய் முடித்துப் பட்டம் வாங்கிய முதல் ஆள் நான். அதைச் சொல்வதில் எனக்குக் கூச்சம் இல்லை. அப்பா இறந்தபோது அண்ணன் பதினைந்து வயதில், மூன்றாம் படிவத்தோடு நின்று, லோரியில் குலை ஏற்றும் வேலைக்குப் போனார், பிறகு லோரியே ஓட்டினார். நான் நிற்கவில்லை, நிற்க அவர் விடவுமில்லை. இன்று கோலா சிலாங்கூர் வட்டாரத்தில் ஒரு தமிழ்ப்பள்ளியில் அறிவியல் ஆசிரியை. உயர்நிலைச் சிந்தனைத் திறன் என்று எங்களை அடிக்கடி பயிற்சிக்கு அழைப்பார்கள். திரையில் ஒரு கூம்பு வரும். அடியில் அறிவு, அதற்கு மேலே புரிதல், உச்சியில் ஆராய்தல், மதிப்பிடுதல். மாணவனை அடியிலிருந்து உச்சிக்கு ஏற்றுவது நம் கடமை என்பார் பயிற்றுநர். எனக்கு அண்ணன் நினைவுக்கு வருவார். அடிப்படி அரைகுறையாக இருக்க, உச்சியில் போய் உட்கார்ந்துகொண்ட ஒரு மனிதர். அவருக்குத் தகவல் மட்டும்தான் குறை, அதை நான் கொடுத்துவிடலாம் என்று வெகுகாலம் நம்பினேன்.

அவருக்குச் சீனி நோய் முப்பத்தைந்து வயதுக்குள்ளேயே வந்துவிட்டது. கிளினிக்கில் விரலில் குத்தி அளவு பார்ப்பார்கள். சில தடவை போய் வந்ததும் அண்ணன் அந்த முறையைப் புரிந்துகொண்டார். தவணை நாள் நெருங்கும்போது சோற்றை நிறுத்துவார், பாகற்காய்ச் சாறு குடிப்பார், அதுவரை தொடாத மாத்திரைகளை வேளை தவறாமல் போடுவார். அளவு அழகாக இறங்கியிருக்கும். "பாகுஸ், அபாங்!" என்று மிஸி, அதாவது அங்குள்ள தாதி, பாராட்டுவார். 'பிரமாதம் அண்ணே' என்ற அந்த மலாய்ப் பாராட்டை அண்ணன் வீட்டுக்கு வந்து அண்ணியிடம் அப்படியே சொல்லிக் காட்டுவார். அன்று மாலையே பால் தேநீரில் இரண்டு கரண்டி சீனி விழும்.

நான் ஒருநாள் அவரை உட்காரவைத்துப் படம் வரைந்து விளக்கினேன். இரத்தத்தின் சிவப்பணுவில் சீனி ஒட்டிக்கொள்ளும், மூன்று மாதக் கதையை அது சுமந்துகொண்டே சுற்றும், கையிலிருந்து இரத்தம் எடுத்துச் செய்யும் பெரிய சோதனையில் அது தெரிந்துவிடும், விரல் சோதனையை ஏமாற்றலாம், இதை ஏமாற்ற முடியாது என்றேன். அண்ணன் குறுக்கே பேசாமல் கேட்டார். பிறகு, "அப்ப அந்த அணு செத்துப்போய் புதுசு வந்தா பழைய கதை போயிருமா?" என்றார். என் வகுப்பில் எந்தப் பிள்ளையும் அந்தக் கேள்வியைக் கேட்டதில்லை. எனக்குப் பெருமையாக இருந்தது. புரிந்துவிட்டது, இனி மாறுவார் என்று நினைத்தேன்.

அவருக்கு நன்றாகத்தான் புரிந்திருந்தது. அதற்குப் பிறகு பெரிய சோதனைக்கு எழுதிக் கொடுத்த நாள்களில் மட்டும் அவருக்குத் தூரத்து லோரி ஓட்டம் வந்துவிடும். எந்தச் சோதனைக்குப் போகக் கூடாது என்பதை என் படத்திலிருந்துதான் கற்றுக்கொண்டார்.

"அண்ணே, நீங்க யார ஏமாத்துறீங்க?" என்று சத்தம் போட்டேன்.

"யாரையும் ஏமாத்தல பாப்பா. நீ பழைய கேள்வித்தாளா பார்த்துப் பார்த்து, எது வரும் எது வராதுன்னு கணக்குப் பண்ணி ஏ வாங்குனல்ல? ஊரே மால போட்டுச்சு. நானும் அதான்லா பண்றேன்."

எங்கள் வீட்டில் அறிவு என்றால் சோதனையில் தேறுவது. அதைத் தவிர வேறு அடையாளத்தை நாங்கள் யாரும் கண்டதில்லை.

பிறகு கண் முன்னே கொசு பறக்கிற மாதிரி இருக்கிறது என்று அண்ணியிடம் சொல்லியிருக்கிறார். என்னிடம் சொல்லவில்லை. லோரி லைசென்ஸ் புதுப்பிக்க வேண்டிய நேரம் அது. கண் சோதனைக்குப் போன இடத்தில் கதவுக்கு வெளியே உட்கார்ந்து, முன்னால் போனவர்கள் சுவரில் உள்ள எழுத்துகளைச் சத்தமாகப் படிப்பதைக் கேட்டே எல்லா வரிகளையும் மனப்பாடம் செய்துகொண்டார். இரவுச் சாப்பாட்டின்போது அதை நடித்தே காட்டினார். கண்ணைச் சுருக்கி, தயங்கி, கடைசி வரியில் ஓர் எழுத்தை வேண்டுமென்றே தப்பாகச் சொன்னாராம். "எல்லாம் சரியா சொன்னா சந்தேகம் வந்துரும்லா. ஒண்ண விட்டுக் குடுக்கணும்." அண்ணி சிரித்தார். நானும் சிரித்தேன், அவ்வளவு நன்றாக நடித்தார். சிரித்து முடித்த பிறகுதான் அவர் ஏன் மனப்பாடம் செய்ய வேண்டியிருந்தது என்பது எனக்கு உறைத்தது. கண் ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்று அன்றைக்கே கெஞ்சினேன். போனால் கண் சரியில்லை என்று எழுதிவிடுவார்கள், எழுதினால் லோரி போய்விடும் என்றார். அந்தக் கணக்கில் நான் உடைக்கக்கூடிய இடம் ஒன்றும் இல்லை.

ஆலை வரிசையில்தான் அது நடந்தது. முன்னால் இருந்த லோரிகள் நகர்ந்தும் அண்ணனின் லோரி நகரவில்லை. பின்னால் இருந்தவர்கள் ஹாரன் அடித்திருக்கிறார்கள், பிறகு இறங்கி வந்து திட்டியிருக்கிறார்கள். அவர் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி, "யாருடா கண்ணாடியில கறுப்புத் துணி போட்டது?" என்று கேட்டாராம். தினமும் அவரிடம் தோற்றவர்கள்தான் கைபிடித்து இறக்கினார்கள். கண்ணுக்குள் இரத்தம் கசிந்துவிட்டது. ஒரு கண் போய்விட்டது, மற்றதில் நிழல் மட்டும் தெரியும். முன்பே வந்திருந்தால் என்று டாக்டர் ஆரம்பித்து, எங்கள் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

இன்னும் பயிற்சிக்குப் போகிறேன், அதே கூம்பைப் பார்க்கிறேன். அண்ணனிடம் அதில் எந்தப் படி இல்லாமல் இருந்தது? நோயைப் பற்றிய அறிவு இருந்தது, நானே கொடுத்தேன். புத்தி என்னைவிட அதிகம். சிந்தனையும் ஓய்ந்ததில்லை, அவர் அதை லோரியைக் காப்பாற்றவே செலவழித்தார். லோரி போய்விடுமே என்ற பயம்தான் அந்த மூன்றையும் ஓட்டிக்கொண்டு போனது, பயம் இல்லாதிருந்தால் அவர் தப்பித்திருப்பார் என்று எனக்கு நானே ஒரு விளக்கம் வைத்திருந்தேன். போன சனிக்கிழமையோடு அதுவும் போயிற்று.

அன்று மதியம் அண்ணி என்னை அடுப்படிக்கு அழைத்து, "இடது கால் பெருவிரல் கறுத்துப்போய்க் கிடக்கும்மா. காட்ட மாட்டேங்குறாரு. எந்நேரமும் காலுறை" என்றார். அடுப்புக்குப் பக்கத்தில் பாகற்காய் அரைத்த ஜாடி கழுவாமல் இருந்தது. திங்கட்கிழமை கிளினிக் தவணை.

அண்ணன் முன்கூடத்தில் பலகையை மேசையில் போட்டு மூடிகளை அடுக்கிக்கொண்டிருந்தார். எதிரே உட்கார்ந்தேன், ஆட ஆரம்பித்தோம். நான் எந்தக் காயை நகர்த்தினேன் என்று சொல்ல வேண்டியதில்லை. விரல்களை மூடிகளின் மேல் ஓடவிட்டே தெரிந்துகொள்வார்.

"அண்ணே, காலுறையக் கழட்டுங்க. ஆஸ்பத்திரிக்கு இப்பவே போலாம்."

"திங்கக்கிழமதான் கிளினிக் போறோமே."

"அங்க விரல்ல குத்தி அனுப்பிருவாங்க. இனிமே லோரியும் இல்ல, லைசென்சும் இல்ல. எதுக்கு இந்தப் பாகற்காய்?"

அவர் முகம் என் பக்கம் திரும்பியது, கண்கள் கொஞ்சம் தள்ளி எங்கேயோ நின்றன.

"நீ வேணா பாரு பாப்பா, மிஸி பாகுஸ்னுதான் சொல்லும்" என்றார். பிறகு ஒரு காயை நகர்த்தி என் காய்க்கு முன்னால் வைத்தார். "வெட்டு."

பின்னால் என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரிந்தது. எந்த மூன்று காய்கள் போகும் என்பதும் தெரிந்தது. ஆனாலும் வெட்டித்தான் ஆக வேண்டும். வெட்டினேன். அண்ணனின் விரல்கள் குழிகளை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்து, என் மூடிகளை எடுத்து ஓரமாக அடுக்கின. மேசைக்கு அடியில், காலுறை போட்ட அந்தக் கால் அசையாமல் இருந்தது.